தனித் தட்டு

என் பெரியப்பாவின் மகன் பாகூர்க் கொம்யூனில் ஒரு சிற்றூரில் பயிர் செய்து வாழ்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாகூர் ஏரி நிறைந்தால் அவர் முகமும் நிறையும். ஏரி வற்றினால் பேச்சு வற்றிவிடும். மற்றபடி ஒளிவு மறைவு அறியாதவர். அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு ஒரு நாள் வில்லியனூரில் என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொண்டுவந்த என் மனைவியிடம், "டம்ளர் வேண்டாம் அம்மா, காகிதக் கப் இருந்தால் அதில் கொடு" என்றார்.

அவள் உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னார். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் போனவருக்கு முன்கூட்டி இரத்தம் சோதித்திருக்கிறார்கள். அதில் ஹெபடைடிஸ் சி என்று வந்திருக்கிறது. இரண்டு வாரமாக வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தமக்கென்று ஒரு தட்டு, ஒரு சொம்பு, திண்ணையில் ஒரு பாய் என்று ஒதுங்கிவிட்டார். அண்ணி காரணம் கேட்டால் எரிந்து விழுகிறார். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிற நேரம் வேறு.

"ஈரல் கெட்டவன் என்றால் புதுச்சேரியில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா தம்பி? குடித்துக் கெட்டான் என்பார்கள். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எனக்கு ஏன் இது வர வேண்டும்? உன் அண்ணிக்கு மட்டும் தெரியக் கூடாது."

கதை எழுதுகிறவனிடம் இரகசியம் சொல்ல வந்தாரே என்று நீங்கள் சிரிக்கலாம். அவர் அனுமதி பெற்ற பிறகே இதை எழுதுகிறேன். அன்று அவர் பேச்சில் இரண்டு கேள்விகள் இருந்தன. எனக்கு ஏன் வந்தது என்பது ஒன்று. யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. அன்றிலிருந்து அவை என்னையும் விடவில்லை.

முதல் கேள்விக்கு மருத்துவர்கள் ஓரளவு விடை வைத்திருக்கிறார்கள். இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. 1994இல் அண்ணனை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. அப்போது இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். கிருமியை அடையாளம் கண்டதே 1989இல்தான். அதற்கு முன் அந்த நோயை 'ஏ-யும் அல்லாதது, பி-யும் அல்லாதது' என்று எதிர்மறையால் மட்டுமே அழைத்தார்கள். அதைக் கண்டறிந்ததற்காக ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் என்ற மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் தானமாகப் பெற்ற இரத்தத்தை இதற்காகச் சோதிப்பது கட்டாயமானதோ இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான். ஊர் வைத்தியர் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட காலமும் நமக்கு மறந்துவிடவில்லை. இரத்தமோ, ஊசியோ, எது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அண்ணனுக்கு அது போதவில்லை. "அப்படியானால் எவனோ ஒருவன் கொடுத்திருக்கிறான்" என்றார். எகிப்து நாட்டின் கதையை அவருக்குச் சொன்னேன். நத்தையால் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க அந்த அரசாங்கம் பல ஆண்டுகள் நாடெங்கும் ஊசி போட்டது. நல்ல நோக்கம். ஆனால் சரியாகத் தூய்மை செய்யாத கண்ணாடி ஊசிக் குழாய்கள் இந்தக் கிருமியை ஊர் ஊராக விதைத்துவிட்டன. அண்ணனுக்கு இரத்தம் தந்தவரும் உயிரைக் காப்பாற்றத்தான் தந்தார். தம் உடம்பில் இருந்ததை அவரும் அறியார். தீமை வந்தால் அதன் பின்னால் தீயவன் ஒருவன் நின்றே ஆக வேண்டும் என்று மனம் அடம் பிடிக்கிறது. எதிரில் அவன் அகப்படாதபோது நோயாளியையே பிடித்து நிறுத்துகிறது.

இங்கே நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவரைத் தேற்றுவதற்காக, "நீங்கள்தான் குடிக்காதவராயிற்றே அண்ணா, உங்களை யார் குறை சொல்வார்கள்?" என்றேன். அவரும் ஆறுதல் அடைந்தார். சில வாரம் கழித்து அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அந்த வார்த்தையின் விலை தெரிந்தது. மாத்திரைக்காக வரிசையில் காத்திருந்தோம். பக்கத்தில் கை நிறையப் பச்சை குத்திய ஓர் இளைஞன். போதை ஊசியால் வந்தது என்று தானாகவே சொன்னான். அண்ணன் மெல்ல எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

தம்மை உலகம் ஒதுக்குமே என்று அஞ்சிய மனிதர் இன்னொருவனை ஒதுக்கிவிட்டார். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். நீ குற்றமற்றவன், ஆகையால் இரக்கத்துக்குரியவன் என்று சொன்னால், குற்றமுள்ளவன் இரக்கத்துக்குரியவன் அல்லன் என்றும் சொன்னதாகிறதல்லவா? இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே பன்னிரண்டு வாரம். குடிக்கிறவன் குடியை நிறுத்தத்தான் வேண்டும். மது இந்த நோயில் ஈரலை விரைந்து அரிக்கும். அது அறிவுரை. தண்டனையாக அதை மாற்ற நாம் யார்?

இனி இரண்டாவது கேள்வி. யாருக்குச் சொல்வது?

எவனுடைய உடம்புக்கு என் மௌனத்தால் ஆபத்து வருமோ, அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான். எனக்கு இது ஐயமறத் தெரிகிறது. சேர்ந்து உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ இது பரவாது. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளக் கூடாது. அறுவை செய்கிறவருக்கும் பல் வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். இரத்த தானம் கூடாது. கணவன் மனைவி உறவில் பரவுவது அரிது. ஆயினும் மனைவியும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. இவற்றுக்கு அப்பால் ஊருக்குச் சொல்ல வேண்டிய கடன் எதுவும் இல்லை. கேட்க உரிமை இல்லாதவனிடம் வாய் மூடியிருப்பது பொய்யாகாது.

ஆனால் அண்ணி? ஆபத்துக் கணக்கை மட்டும் பார்த்தால், ஒரு சோதனைக்கு வரச் சொல்வதோடு அவருக்கு உள்ள கடன் தீர்ந்துவிடும். முப்பது ஆண்டு வாழ்வைப் பங்கிட்டுக்கொண்டவருக்கு அந்தக் கணக்குப் போதுமா? மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொன்ன வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து பார்ப்பவரையும் சேர்த்தார். அண்ணன் தம் மௌனத்தால் அந்த நான்காம் உறுப்பைத் தாமே வெட்டி எறிந்துகொண்டிருந்தார்.

நான் வற்புறுத்தியதன் பேரில் அன்றிரவே சொல்லிவிட்டார். அண்ணி நோயைக் கேட்டு அழவில்லை. "இதற்காகவா தட்டைத் தனியாக வைத்தீர்கள்? நான் என்ன தப்புச் செய்தேனோ என்று இரண்டு வாரமாகத் தூங்கவில்லையே" என்று அழுதாராம். காப்பாற்றுவதாக நினைத்து அவர் செய்ததெல்லாம் அண்ணிக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது.

மறுநாள் அண்ணி கீழாநெல்லி தேடி வரப்புக்குப் போனார். பாட்டி காலத்து மருந்துதான். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்களும், பி வகைக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து, அது பி வகைக்குப் பயன்படலாம் என்று எழுதியதுண்டு. பின்னால் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுங்கள் என்றேன். முதலில் கிருமி உண்மையாகவே இருக்கிறதா என்று இரண்டாவது சோதனை செய்தார்கள். சிலருக்கு உடம்பே அதை விரட்டிவிடுவதுண்டு. இருந்தது. ஈரல் தழும்பேறியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நல்லவேளை, இல்லை.

அந்த மாத்திரை 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒன்றின் விலை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அந்த விலையானால் அண்ணன் நிலத்தையெல்லாம் விற்றாலும் போதாது. 2014இல் இந்தியக் கம்பெனிகளுக்கு அதைச் செய்ய உரிமம் கிடைத்தது. புளூம்பெர்க்கின் பிறந்த நாளாகிய ஜூலை 28ஆம் நாள், 2018இல், இலவசச் சிகிச்சைக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். அண்ணனும் குணமானார். மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்த சோதனையில் கிருமி இல்லை. ஆனால் முதல் சோதனை என்றைக்கும் 'உண்டு' என்றே காட்டும்; வந்துபோனதை உடம்பு மறப்பதில்லை. புண் ஆறிய பின் நிற்கும் வடு அது. அந்த அறிக்கையை அண்ணி நிலப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார்.

தை மாதத்தில் மகளுக்குத் திருமணம் நடந்தது. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லவில்லை. தகப்பனின் இந்த நோய் மகளுக்கு வமிசமாக வருவதில்லை. அவர்கள் உடம்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று யோசனை சொன்னவன் நான்தான். பந்தியில் எல்லாரோடும் அமர்ந்து அண்ணன் சாப்பிட்டபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நானே அந்தச் சம்பந்தியாக இருந்து, பிறகு தெரிய வந்தால், ஏமாற்றப்பட்டதாக நினைப்பேனா? நினைத்தாலும் நினைப்பேன் என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வருத்தம் என் அறியாமையிலிருந்து பிறந்திருக்குமே தவிர, என் உரிமையிலிருந்து அன்று. என் அறியாமைக்கு அஞ்சி ஒரு பெண்ணின் வாழ்வை மற்றொருவர் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்க எனக்கு நியாயம் இல்லை.

சொல்லலாம் என்ற நாளும் வரும். சொன்னால் தட்டைத் தனியே வைக்காத வீடுகள் பெருகும்போது, கேட்காமலே சொல்லிவிடுவார்கள். அதுவரை அவருடைய மௌனத்துக்கு அண்ணன் மட்டுமே பொறுப்பாளி அல்லர், நாமும்தான்.