காணாத குதிரையின் மீது கட்டிய பணம்: ஓர் அறவியல் நோக்கு

கண்ணாற் காணாத ஒன்றின் மீது நம்பிக்கை வைத்தல் மனிதனுக்குப் புதிதன்று. நிலத்துள் மறைந்த வித்தை நம்பி உழவன் காத்திருக்கின்றான்; கடலின் அடியில் ஓடும் மீனை நம்பி வலைஞன் வலை வீசுகின்றான். ஆயின், ஐயாயிரம் மைல்களுக்கும் அப்பால் ஓடுகின்ற, தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் காணாத குதிரையொன்றின் மீது தன் நாட்சம்பளத்தை வைக்கும் தோட்டத் தொழிலாளியின் நம்பிக்கை எத்தகையது? அந்நம்பிக்கையை விலைக்கு விற்க ஒருவருக்கு உரிமை வழங்கும் அரசு எத்தகைய பொறுப்பை ஏற்கின்றது? தொலைக்காட்சி வழியே பிறநாட்டுப் பந்தயங்கள் நமது சிறு நகரங்களுக்கு வந்து சேர்ந்துள்ள நிலையில், இவ்வினாக்களைச் சட்டத்தின் கண்கொண்டு மட்டுமன்றி அறத்தின் கண்கொண்டும் நோக்குதல் இன்றியமையாததாகும்.

நான் பிறந்து வளர்ந்தது இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில். இறப்பர் மலையில் பால்வெட்டுத் தொழிலாளியாயிருந்த என் பெரியப்பா, சனிக்கிழமை மாலைகளில் நகரத்துப் புக்கிக்குச் செல்லும்போது என்னையும் உடனழைத்துச் செல்வார். பந்தய விபரங்கள் அச்சிடப்பட்ட தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கோ ஆங்கிலம் தெரியாது. எதிரேயிருந்த தேநீர்க் கடையின் வாங்கில் அமர்ந்து குதிரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவதும், முடிந்தவற்றுக்குத் தமிழிற் பொருள் சொல்வதும் என் பணி. மழை என்றோ ராசா என்றோ பொருள்படும் பெயர் வந்தால், “அதிலயே போட்டிருவோம்” என்பார். எனக்குக் கூலியாக ஒரு மாலு பணிஸ் கிடைக்கும். அவர் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியின் பெரும்பகுதி ஓராண்டு முடியுமுன்னரே அக்கடையிற் கரைந்தது. வேலையிலிருந்து நின்றிருந்த பெரியம்மா மீண்டும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனார். இதிற் குற்றவாளி யார்? பெரியப்பாவா, கடைக்காரரா, அவருக்கு அனுமதி வழங்கிய அரசா, அன்றிப் பெயர்களை வாசித்துக் கொடுத்த சிறுவனா? இக்கட்டுரை அவ்வினாவினின்றும் எழுந்ததாகும்.

குதிரைப் பந்தயம் இந்நாட்டிற்குப் பிரித்தானியரொடு வந்தது. நுவரெலியாவிலும் கொழும்பிலும் பந்தயத் திடல்கள் அமைந்தன. துரைமாரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய அது பின்னர் நகரத்துச் செல்வரின் பெருமிதமாயிற்று. கொழும்புத் திடலிற் பந்தயங்கள் நின்றுபோயின. நுவரெலியாவில் பெயரளவில் நீடிக்கின்றன. ஓட்டம் நின்ற பின்னரும் பந்தயம் கட்டும் வழக்கம் நிற்கவில்லை. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் நடைபெறும் ஓட்டங்களின் மீது பணம் கட்டும் கடைகள் பெருகின. பிரித்தானியாவிற் பிற்பகலில் ஓடும் குதிரை இங்கு மாலை ஆறரை மணிக்கு மேல் ஓடுகின்றது. இரக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ வேலை முடிந்து, குளித்து, தேநீர் அருந்தி, நகரத்திற்கு இறங்கி வரும் தொழிலாளிக்கு இதனினும் வாய்ப்பான நேரம் வேறில்லை. பூமியின் சுழற்சிகூடப் பந்தயக் கடைக்குத் துணைநிற்கின்றது எனலாம்.

சட்டத்தின் நிலையை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலனாகின்றது. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பணம் வைத்து ஆடும் பொதுச் சூதினைக் குற்றமாக்கிற்று. குதிரைப் பந்தயத்திற்கோ தனியானதொரு கட்டளைச் சட்டம் வகுக்கப்பட்டது. லயத்துக் கோடியில் சீட்டாடியவனைப் பொலிசார் பிடித்தனர். குதிரை மீது பணம் கட்டியவனுக்குப் பற்றுச்சீட்டுக் கிடைத்தது. 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் பந்தயம் பிடிப்போரிடமிருந்து ஆண்டு அறவீட்டைப் பெற வழிசெய்தது. நேரடி ஒளிபரப்பு வசதியுடைய கடைக்கு ஒரு தொகையும் அவ்வசதியற்ற கடைக்கு அதனிலும் குறைந்த தொகையும் அறவிடப்பட்டன. 2025 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, பழைய சட்டங்களின் இடத்தில் ஒரே அதிகாரசபையை நிறுவ வழிவகுத்தது. ஒளிபரப்பு பந்தயத்தின் தன்மையை மாற்றுகின்றது என்பதை வரி அறவிடுவோர் முன்னரே உணர்ந்திருந்தனர். அம்மாற்றத்தின் அறப்பொருள் யாது என்பதே நாம் கேட்கவேண்டியது.

பந்தயத்தை ஆதரிப்போரின் முதன்மை வாதம் அது திறமையின்பாற்பட்டது என்பதாகும். தமிழகத்தில் இவ்வாதம் நீதிமன்றம் வரை சென்றது. 1974 ஆம் ஆண்டில் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைச் சட்டத்தால் ஒழிக்க முற்பட்டது. 1996 ஆம் ஆண்டில் இந்திய உயர்நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததென்றும் வெறும் சூதன்றென்றும் தீர்ப்பளித்தது. குதிரையின் வழிமரபு, பயிற்சி, செலுத்துவோனின் ஆற்றல் முதலியவற்றை ஆராய்ந்து முடிவுசெய்தல் இயலும் என்பது அதன் அடிப்படை. திடலருகே நின்று குதிரையின் நடையையும் மூச்சையும் நோக்குபவனுக்கு இது பொருந்தலாம். எழுத்துத் தெரியாத தாளை வைத்துக்கொண்டு பெயரின் பொருளால் குதிரையைத் தெரிவுசெய்யும் தொழிலாளிக்கு இது எங்ஙனம் பொருந்தும்? ஒளிபரப்பு ஓட்டத்தைக் கொண்டு வருகின்றது. ஓட்டத்தைக் கணிக்கும் அறிவைக் கொண்டு வருவதில்லை.

இவ்விடத்து நளன் கதை நினைவிற்கு வருகின்றது. குதிரை நூலில் நளனை வெல்வார் எவருமிலர். அத்தகையோன் சூதில் நாட்டை இழந்தான். பின்னர்த் தான் அறிந்த குதிரை நூலை இருதுபன்னனுக்குக் கற்பித்து, அவனிடமிருந்து சூதின் நுட்பத்தைப் பெற்ற பின்னரே இழந்ததை மீட்டான். குதிரையை அறிதல் வேறு, ஆட்டத்தின் கணக்கை அறிதல் வேறு என்பதை இக்கதை நன்குணர்த்துகின்றது. நமது தொழிலாளி இரண்டையும் அறியாதவன். கடைக்காரர் குதிரையை அறியாவிடினும் கணக்கை அறிந்தவர்.

அக்கணக்கு எளியது. சமவலிமையுடைய இரு குதிரைகள் ஓடுகின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் மீதும் ஒருவர் நூறு ரூபா கட்ட, கடைக்கு இருநூறு வருகின்றது. வென்றவருக்கு நூற்றெண்பது கொடுக்கப்பட்டால் எக்குதிரை வென்றாலும் இருபது கடையிலேயே தங்கிவிடும். பத்து வீதம் இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் கழியுமாயின், எஞ்சிய பணத்தையே மீண்டும் மீண்டும் கட்டுவோரின் ஆயிரம் ரூபா, சராசரியாக ஏழு சுற்றுக்களில் ஐந்நூறுக்கும் கீழே இறங்கிவிடும். நேரடி ஒளிபரப்பு ஒரே மாலையிற் பல ஓட்டங்களை அடுத்தடுத்துக் காட்டுவதால், முன்பு வாரக்கணக்கில் நிகழ்ந்த இழப்பு இப்பொழுது ஒரு மாலையில் நிகழ்ந்துவிடுகின்றது. வள்ளுவர் சூதில் தோற்றவனை மட்டுமன்றி வென்றவனையும் எச்சரித்தார்; வெற்றியே மீனை ஈர்க்கும் தூண்டில் என்பது அவர் கண்ட உண்மை. பெரியப்பா ஒருநாள் வென்றார். அந்த ஒருநாளின் கதையையே அவர் பின்னர் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, சுதந்திரவாதிகளின் மறுப்பை ஆராய்வோம். தன் உழைப்பாற் பெற்ற பணத்தைத் தன் விருப்பப்படி செலவிட ஒருவனுக்கு உரிமையில்லையா? பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்துத் தனிமனிதன் செயலிற் சமூகம் தலையிடலாகாது என ஜோன் ஸ்டுவாட் மில் 1859 ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் வாதிட்டார். எனினும், பிறரைச் சூதாடச் செய்து இலாபம் ஈட்டும் விடுதியை நடத்த ஒருவனுக்குச் சுதந்திரம் உண்டா என்னும் வினா எழுந்தபோது அவரே தயங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆடுபவனின் சுதந்திரமும் ஆட்டுவிப்பவனின் சுதந்திரமும் ஒன்றல்ல. அன்றியும், தோட்டத்துக் குடும்பத்தில் ‘தன் பணம்’ என்பது யாது? கணவனின் சம்பளமும் மனைவியின் சம்பளமும் சேர்ந்தே அரிசியும் மாவும் பிள்ளைகளின் கொப்பியும் ஆகின்றன. பெரியப்பாவின் இழப்பைப் பெரியம்மாவின் முதுகு சுமந்தது. ஆதலின் இதனைத் தன்னைமட்டும் சார்ந்த செயலெனக் கொள்ளல் இயலாது.

அவ்வாறாயின் முற்றாகத் தடைசெய்தலே தக்கதா? வரலாறு வேறு பாடம் கற்பிக்கின்றது. பிரித்தானியாவில் 1906 ஆம் ஆண்டின் சட்டம் தெருவிற் பணம் கொடுத்துப் பந்தயம் கட்டுதலைத் தடைசெய்தது. அக்காலத்திற் கடன் கணக்கு வைத்துத் தொலைபேசி வழியே பந்தயம் கட்டிய செல்வரை அது தீண்டவில்லை. தொழிலாளியின் பென்னி குற்றமாயிற்று. பிரபுவின் பவுண் குற்றமாகவில்லை. தெருப்பந்தயமும் ஒழியவில்லை. ஈற்றில் 1961 ஆம் ஆண்டில் அங்குப் பந்தயக் கடைகள் சட்டபூர்வமாயின. எனினும் அவை மக்களை ஈர்க்கும் இடங்களாக அமையக்கூடாது என்னும் கருத்தில், 1986 ஆம் ஆண்டு வரை அவற்றுள் நேரடித் தொலைக்காட்சி அனுமதிக்கப்படவில்லை. விரும்பியவனுக்கு இடமளித்தல் வேறு, விரும்பாதவனையும் விரும்பச் செய்தல் வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டை அவ்விதி உணர்ந்திருந்தது. நம் நாட்டிலும் கொழும்பின் கசினோக்களை விட்டுவைத்துத் தெரணியகலைக் கடையை மட்டும் மூடுதல் ஏழையின் குற்றத்தைக் கண்டு செல்வரின் குற்றத்தைக் காணாமை ஆகும். மேலும் கடை மூடப்பட்டாற் பந்தயம் கைத்தொலைபேசிக்குள் குடிபுகும். அங்கே அது கண்ணுக்குப் புலப்படாது.

அரசு ஒழுங்குபடுத்தட்டும் என்றால், அரசின் கைகளும் தூயனவாயிருத்தல் வேண்டும். பந்தயக்காரரின் மொத்த வசூலின் மீதான அறவீடு 2023 ஆம் ஆண்டிற் பத்து வீதத்திலிருந்து பதினைந்து வீதமாக உயர்த்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அதனைப் பதினெட்டாக்க முன்மொழிந்தது. அறவீடு உயர்வதை நல்லொழுக்கத்தின் வெற்றியாகக் காண்போர் உளர். ஆயினும், இழப்பிற் பங்கு பெறுபவர் இழப்புக் குறைவதை உளமார விரும்புவாரா? இவ்வினா நமக்கும் உரியதாகும். பல்கலைக்கழக மாணவர் பலர் பெறும் மகாபொல புலமைப்பரிசில் நிதிக்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கு சேர்கின்றது. பணிஸுக்காகப் பெயர் வாசித்த சிறுவன் இன்று புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கின்றான். இவ்விரண்டிற்கும் இடையே எத்துணை தூரம் என எண்ணிப் பார்க்கையில் எனக்கு விடை எளிதிற் கிடைப்பதில்லை.

பந்தயத்தின் வேர் பேராசை என்று கூறி அமைதல் எளிது. சப்பிரகமுவ மண்ணை அறிந்தோர் அவ்வாறு கூறார். காலையில் மழை பெய்தால் இறப்பர் மரத்திற் பால் வெட்ட இயலாது. அன்றைய பெயர் கேள்விக்குறியாகும். நாட்சம்பளம் 2024 ஆம் ஆண்டில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும் பிள்ளையின் படிப்பையும் முதுமையின் மருந்தையும் அதனைக் கொண்டு திட்டமிடல் கடினம். அயலிலோ இரத்தினக்கற் குழிகள். ஒரு கல்லால் உயர்ந்தவனின் கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. குழி தோண்டுதலும் நற்பேற்றை நம்பிய தொழிலே. ஆயினும் அங்கே உடலுழைப்பு உண்டு. கிடைக்கும் கல் உலகிற்குப் புதிதாய் வந்த பொருள். அதன் விலையிற் குழியில் இறங்கியவர்க்கும் பங்குண்டு. பந்தயம் எதனையும் விளைவிப்பதில்லை. பலரின் பையிலிருந்ததை ஒருவரின் பெட்டிக்கு மாற்றுகின்றது. உழைப்பால் உயரும் வழி அடைபட்ட இடத்திலேயே காணாத குதிரை கடவுளாகின்றது.

ஆதலின் ஒழுங்குபடுத்தல் என்பது வரி அறவிடுதலோடு முடிவதாகாது. கடனுக்குப் பந்தயம் பிடித்தலை முற்றாகத் தடுத்தல், நேரடி ஒளிபரப்பின் மணிநேரத்தை வரையறுத்தல், கட்டும் நூறு ரூபாவிற் சராசரியாக எவ்வளவு திரும்பும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் கடை வாயிலில் எழுதிவைத்தல், இவ்விதிகளைக் கொழும்பின் செல்வருக்கும் தோட்டத்துத் தொழிலாளிக்கும் வேறுபாடின்றிப் பிரயோகித்தல் ஆகியன குறைந்தபட்ச நியாயங்களாகும். அறவீட்டில் ஒரு பகுதியேனும் அது பெறப்பட்ட தோட்டப்புறங்களின் பாடசாலைகளுக்கே திரும்புதல் வேண்டும். இவை எவரையும் நல்லவராக்கா; ஆனால் அறியாமையை விலைப்பொருளாக்கும் வாணிபத்தின் கூர்மையை மழுக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். பெரியப்பா தெரிந்தே கட்டினார். ஆதலின் அவர் குற்றமற்றவரல்லர். எனினும், அவருக்குத் தெரியாதிருந்தவை அனைத்தும் பிறருக்குத் தெரிந்திருந்தன. கடைக்காரருக்குக் கணக்குத் தெரியும். அரசுக்கு விளைவு தெரியும். எனக்கு ஆங்கிலம் தெரியும். தெரிந்தவன் தெரியாதவனிடத்துக் கொள்ளும் கடமையே அறத்தின் முதற்படி எனின், அக்கடமையில் நாம் மூவரும் தவறினோம். நான் அன்று குதிரைகளின் பெயரை வாசித்தேன். தாளின் கணக்கை வாசித்துக் காட்டவில்லை. கற்றவர் தம் கல்வியால் எதனை வாசித்துக் கொடுக்கின்றனர் என்பதே, லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம்மைப் போன்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியாகும்.