கடைசிப் பந்தி

நன்றாக ஓடும் ஒரு என்ஜினை உடைத்துப் போடுவதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே ஒரு பழைய இரும்பு யார்டு. டிராக்டர் புகை கக்கிக்கொண்டே வந்து நிற்கும். ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினின் விலாப்பக்கத்தை டார்ச்சால் சுட்டுச் சம்மட்டியால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிந்து உள்ளே இருப்பது தெரியும். அந்த ஓட்டை அதன் மிகக் குறுகலான இடத்திலும் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டேப்பை வைத்து அளப்பேன். வரிசை எண்ணும் தெரியும்படி படம் எடுப்பேன். அந்தப் படம் கோப்பில் ஏறிய பிறகுதான் விவசாயியின் புது டிராக்டருக்கு அரசுப் பணம் போகும். பழையதை அடுத்த ஊரில் விற்றுவிட்டால் புகை இடம் மாறுமே தவிரக் குறையாது. அதனால்தான் இவ்வளவு கடுமை.

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் மானியச் சோதகனாகப் பல வருஷம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா தவசுப்பிள்ளை. கல்யாணமோ கொடை விழாவோ, சுற்று வட்டாரத்தில் பெரிய சமையல் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாளி தூக்கும் வயது வந்ததும் என்னையும் கூட்டிப் போனார். சமையலைவிடப் பரிமாறுவதுதான் கஷ்டம் என்பார். "ஏல, கடைசிப் பந்திக்கு எத்தன எலன்னு பாத்துட்டு வா. பெறவு மொதப் பந்திக்குக் கரண்டியத் தொடு." முதல் பந்தியில் உட்காருகிறவர்களுக்குக் குரல் உண்டு. அவியல் இன்னொரு தடவை வேண்டுமென்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள். கடைசிப் பந்தியில் மேளக்காரர்களும் பாத்திரம் கழுவ வந்தவர்களும் இலை எடுக்கிறவர்களும் உட்காருவார்கள். பாயசம் தீர்ந்துவிட்டது என்றால் ஒன்றும் சொல்லாமல் மோருக்கு இலையைத் தயார் பண்ணிக்கொள்வார்கள். அப்பாவின் வாளியில் அவர்களுக்கும் பாயசம் இருக்கும். அவர் சாதியை எதிர்த்துப் பேசியவர் இல்லை. ஆனால் கடைசி இலைக்குக் குறைவு வந்த நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார்.

அரசுப் பணத்தைப் பங்கு வைக்கும் வேலைக்கு வந்த பிறகு அப்பாவை நினைக்காத வாரம் இல்லை.

கலிபோர்னியாவில் காற்றுக்கென்றே தனியாக மாவட்டங்கள் உண்டு. மொத்தம் 35. எங்கள் பள்ளத்தாக்கில் எட்டு கவுண்டிகள் சேர்ந்து 1991-இல் ஒரே காற்று மாவட்டம் ஆயின. மேற்கே கடலோரத் தொடர், கிழக்கே சியரா நெவாடா, தெற்கே டெஹாச்சப்பி மலை. மூன்று பக்கமும் மலை எழும்பி நிற்கும் தாம்பாளம் போன்ற நிலம். பாதாமும் திராட்சையும் இங்கே விளைகின்றன. லாரிகள் ஓயாத இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படுத்துக்கொள்ளும். கீழே உள்ள புகை எழும்ப முடியாமல் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மாநில அரசு 1998-இல் ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் மறைந்த கார்ல் மோயர் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பழைய டீசல் என்ஜினை மாற்ற முன்வருகிறவருக்குச் செலவில் ஒரு பகுதியை அரசு தரும். பணத்தை மாநிலக் காற்று வாரியம் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு, காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது, முன்பு எவ்வளவு வாங்கியது என்று பார்த்துப் பங்கு போடுவார்கள். யாரை எடுப்பது, எந்த என்ஜினை உடைப்பது என்பதெல்லாம் மாவட்டத்தின் பொறுப்பு. பணம் வரும் வழிகளில் ஒன்று டயர். இங்கே புது டயர் ஒன்று வாங்கினால் 1.75 டாலர் கட்டணம் உண்டு. அதில் 75 சென்ட் காற்றுக்குப் போகிறது.

ஒரு செப்டம்பர் மாதம், பாதாம் அறுவடைக் காலம். மரத்தை உலுக்குகிற இயந்திரமும் தரையைக் கூட்டுகிற இயந்திரமும் ஓடி, தோப்பு முழுக்கப் புழுதி. ஒரு விவசாயியின் பழைய டிராக்டரைச் சோதிக்கப் போயிருந்தேன். அவருடைய விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர். அவர் தோப்பை ஒட்டி, வேலியோரம் ஒரு டிரெய்லர் வீடு. ஒரு அம்மா வெளியே வந்தார். தோப்பு வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்தவர். ஸ்பானிய மொழியில் கேட்டார், பத்து வயதுப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் அரசாங்கமா என்று அம்மா கேட்கிறாள்." ஆமாம் என்றேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாலு வயது இருக்கும். மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கையில் நீல நிற இன்ஹேலர், அதன் மேல் ஒட்டிய காகிதம் தேய்ந்து வெள்ளையாகிப் போயிருந்தது.

"அவருக்குப் புது டிராக்டர் கொடுக்கிறீர்களாம். என் தம்பிக்கு என்ன என்று கேட்கிறாள்."

புது டிராக்டர் வந்தால் தம்பிக்கும் நல்லதுதான் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனாலும் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்று இரவு ஊருக்குப் போன் பேசும்போது பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். எண்பது வயது, தினமும் தேவாரம் படிக்கிறவர். "அது அந்தப் பிள்ளையோட வெனை. நீ என்னய்யா செய்வ?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் நின்றது. பல வருஷமாக இன்னும் அங்கேயே நிற்கிறது.

வினை என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. செய்தவன் தன் செயலின் பயனை அனுபவிப்பான் என்பது உலகத்தை ஒழுங்காக வைக்கிற எண்ணம். ஆனால் புகைக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. டிராக்டரை ஓட்டியது ஒருவர், அந்த டீசலில் விளைந்த பாதாமைத் தின்றது எங்கோ இன்னொருவர், மூச்சு இழுத்தது வேலியோரத்துப் பையன். போன பிறவிக் கணக்கு என்று சிலர் பதில் சொல்வார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த என்ஜினில் 3 அங்குல ஓட்டை போட்ட பிறகு வேலியைத் தாண்டி வரும் புகை குறைந்தது. ஒரு சம்மட்டி அடியில் குறையக்கூடியதைப் போன பிறவியில் கொண்டுபோய் வைப்பது சரியா? செய்ய வேண்டியவன் செய்யாமல் இருந்ததையும் சேர்த்தல்லவா அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதுகிறோம்?

இளவயதில் திருநெல்வேலியில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே கேட்ட ஒன்று இந்தக் கேள்வியில் எனக்கு உதவியது. சித்தாந்தத்தில் வினை சடப்பொருள். அதற்கு அறிவு கிடையாது. செய்த ஆளைத் தானாகத் தேடிப் போய்ச் சேர அதற்குத் தெரியாது. கொண்டுபோய்ச் சேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும், அவன் இறைவன் என்று அந்த வாதம் போகும். வகுப்பில் இது எனக்கு வெறும் தர்க்கமாகத்தான் பட்டது. வேலியோரம் நின்ற பிறகுதான் உறைத்தது. புகையும் சடம். பணமும் சடம். புகை காற்றடிக்கும் பக்கம் போகும். பணம் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் பக்கம் போகும். இரண்டுக்கும் கண் இல்லை. புகையைத் திருப்புவது என் கையில் இல்லை. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தில் கடவுள் வந்து உட்காரவில்லை, எங்களைத்தான் உட்கார வைத்திருக்கிறது. திருவள்ளுவரும் அரசின் திறமைகளை வரிசையாகச் சொல்லும்போது வகுத்தலைக் கடைசியில் வைத்திருக்கிறார். மற்ற எல்லாம் முடிந்த பிறகு, கரண்டி கையில் இருக்கும் நேரம் அது.

எங்கள் கரண்டிக்கு ஒரு அளவு இருந்தது. ஒரு டன் மாசைக் குறைக்க எத்தனை டாலர் என்று பார்ப்போம். குறைந்த காசுக்கு அதிக டன் குறைக்கிற விண்ணப்பம் முன்னால் வரும். பொதுப்பணத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டன் யார் மூக்கின் முன்னால் குறைகிறது என்று அந்தக் கணக்கு கேட்காது. ஆளில்லாத நிலத்தின் நடுவில் குறைந்தாலும் பள்ளிக்கூடச் சுவரோரம் குறைந்தாலும் டன் டன்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் இது விஞ்ஞானம், இதில் நம் மனசுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தேன். பிறகு சூத்திரத்தைக் கூர்ந்து பார்த்தேன். நைட்ரஜன் ஆக்சைடுக்கு ஒரு மடங்கு என்றால் நுண்துகளுக்கு 20 மடங்கு எடை கொடுத்திருந்தது. நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்க் கெடுதல் செய்யும் என்பதால் அந்த 20. அப்படியானால் சூத்திரத்துக்குள்ளேயே ஒரு மனிதரின் நுரையீரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. யாரோ அதை எண்ணிப் பார்த்துத்தான் அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஒரு நுரையீரலை உள்ளே விட்ட கணக்கு, வேலியோரத்து நுரையீரலை விட மறுக்க முடியாது. இது என் உறுதியான எண்ணம்.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாவட்டங்கள் இந்த மானியத்தில் குறைந்தது பாதியை, மாசு அதிகம் தாக்கும் ஏழைப் பகுதிகளுக்கும் சிறுபான்மையினர் பகுதிகளுக்கும் செலவிட வேண்டும் என்று 2001-இல் விதி வந்தது. 2017-இல் இன்னொரு சட்டம் வந்து, மாவட்டம் என்ற பெரிய வட்டத்துக்குள் எந்தத் தெரு அதிகம் மூச்சுத் திணறுகிறது என்று பார்க்கச் சொன்னது. அந்த வருஷம் ஒதுக்கிய 25 கோடி டாலரில் 8 கோடி எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது. அடுத்த வருஷம் மாநிலம் முழுவதும் முதலில் தேர்ந்தெடுத்த பத்து இடங்களில் ஃப்ரெஸ்னோவின் தென்பகுதியும் ஷாஃப்டர் என்ற சிற்றூரும் இருந்தன. அங்கே குடியிருப்பவர்களைக் கொண்டே குழு அமைத்து, எதற்குச் செலவிடலாம் என்று கேட்டார்கள். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களை முதல் முறையாகச் சமையற்கட்டுக்குள் கூப்பிட்டது போல இருந்தது எனக்கு.

பழைய தோப்பைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிற வழக்கமும் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 2025 பிறந்தபோது அதற்கான தடை முழு அளவில் வந்தது. சும்மா வரவில்லை. மரங்களை அரைத்து மண்ணிலேயே பரப்ப விவசாயிகளுக்கு ஏறக்குறைய 18 கோடி டாலரை மாநிலம் 2021-இல் ஒதுக்கியது.

மாசு செய்தவனுக்கே பணமா என்று என் மகள் கோபமாகக் கேட்பாள். முன்கூட்டியே சொந்தக் காசில் நல்ல என்ஜின் வாங்கியவருக்கு ஒன்றும் கிடையாது, கடைசிவரை புகை விட்டவருக்கு மானியம். நியாயமான கோபம்தான். என்னால் அதை முழுக்கத் தீர்க்க முடியாது. ஆனால் வைத்தியர் நோய் இருக்கும் இடத்தில்தான் மருந்து வைப்பார், நல்லவன் உடம்பைத் தேடிப் போய் வைக்க மாட்டார். டிராக்டர்காரருக்குப் பணம் போவதை நான் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன். ஏற்க முடியாமல் போனது ஒன்றுதான்: எந்த டிராக்டர் முதலில் என்று முடிவு செய்யும்போது வேலிக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருப்பது.

அந்தப் பாதி என்ற விதி பெரிய மாவட்டங்களை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. சிறிய மாவட்டங்களிலும் வேலியோரத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 10 லட்சம் பேர் இல்லாத ஊரில் ஒரு பிள்ளையின் இழுப்புக்கு எடை குறைந்துவிடுமா? விதி எல்லா மாவட்டத்துக்கும் பொருந்த வேண்டும், பாதி என்பது குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதியும் பேசியும் வருகிறேன்.

பெரியம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசியாகப் பேசியபோது அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று அவரே கேட்டார். வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாஞ் சொன்னது தப்பாப் போச்சுய்யா" என்றார்.

கலிபோர்னியாவில் இருக்கும் தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை நாலு டயர் மாற்றினால் ரசீதைப் பாருங்கள். அதில் 3 டாலர் காற்றுக்காக நீங்கள் கொடுத்தது. உங்கள் காற்று மாவட்டத்தின் வாரியக் கூட்டத்துக்கு யாரும் போகலாம், எழுந்து பேசலாம். ஒரு தடவை போங்கள். அந்த 3 டாலர் எந்த வேலியோரம் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.