நோயைச் சொல்லும் கடமையும் இழப்பைப் பகிரும் கடமையும்

வீட்டின் பின்புறத்திலோ பக்கத்துக் காலி மனையிலோ ஐந்து முதல் இருபது வரை நாட்டுக்கோழிகளைத் திறந்துவிட்டு, அடுப்படி மிச்சத்தையும் சிந்திய தானியத்தையும் புழு பூச்சிகளையும் அவை தாமே பொறுக்கித் தின்னுமாறு வளர்க்கும் முறையைக் கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்கின்றனர். இதற்கு முதலீடு மிகக் குறைவு. உழைப்பும் வருவாயும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையவை. முட்டை விற்ற காசும் அவசரத்துக்கு ஒரு சேவலை விற்ற பணமும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாமலே பல குடும்பங்களின் பள்ளிச் செலவையும் மருந்துச் செலவையும் தாங்குகின்றன. 2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன; நாடு முழுவதிலும் புறக்கடைப் பறவைகளின் எண்ணிக்கை முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்து 31 கோடியைத் தாண்டியிருந்தது. இத்தனை வீடுகளைத் தொடும் இத்தொழிலில் ஓர் அறக்கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. தன் கோழிக்கு நோய் கண்டதை அறிந்தவர் அதை ஊருக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா? சொல்வதால் வரும் இழப்பை அவர் ஒருவரே சுமக்க வேண்டுமா?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில் உள்ள கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இக்கேள்விக்குக் கனம் கூடுதல். ஒருபுறம் ஆந்திர எல்லை. மறுபுறம் குளிர்காலத்தில் பூநாரைகளும் பலவகை நீர்ப்பறவைகளும் வந்திறங்கும் பழவேற்காடு ஏரி. ஊடே ஆரம்பாக்கம், எளாவூர் வழியாகச் சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. அறுவடை முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லை மேய்ப்பதற்காக வாத்துக்காரர்கள் தம் மந்தைகளை ஊர்விட்டு ஊர் ஓட்டிச் செல்வதும், கிருமியைச் சுமக்கும் வாத்து பல வேளைகளில் நோய்க்குறி எதையும் காட்டாமல் இருப்பதும் இங்கே கருதத்தக்கவை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்கின்றனர்; அந்த அறைகளுக்கு இடையிலேயே பழைய ஊரின் கோழிகளும் மேய்கின்றன. ஒரே வாய்க்காலும் ஒரே குப்பைமேடும் பல வீட்டுக் கோழிகளுக்குப் பொது என்பதால், உடைமை தனித்தனியாக இருந்தாலும் நோய் பொதுவாகவே இருக்கிறது.

புறக்கடைக் கோழிகளை மிகுதியாகக் கொல்லும் நோய் ராணிக்கெட். ஊரார் இதைக் கழிச்சல் என்றும் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்கின்றனர். இது நச்சுயிரியால், அதாவது வைரஸால், வருவது. ஆகவே வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. சீக்கு வந்த கோழி இரையெடுக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத மந்தையில் கடுமையான வகை புகுந்தால் சில நாள்களில் கூண்டே காலியாகிவிடக்கூடும். கிருமி தொற்றியதற்கும் குறிகள் தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் ஐந்தாறு நாள்கள் கழிகின்றன. அந்த நாள்களில் கோழி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு கோழிகள் தூங்கி விழத் தொடங்கியதும், இன்னும் நிற்கின்றவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. இருசக்கர வண்டியின் பின்னால் கம்பிக்கூடையைக் கட்டிக்கொண்டு வரும் வியாபாரி அவற்றை வாங்கி, அதே கூடையில் அடுத்த ஊரின் கோழிகளையும் சேர்த்து, எச்சம் வழியெல்லாம் உதிர, சந்தை வரை செல்கிறார். வளர்ப்பவர் சில நூறு ரூபாயைக் காப்பாற்றிக்கொள்கிறார்; வண்டி நின்ற ஒவ்வொரு தெருவும் அதற்கான விலையைக் கொடுக்கிறது.

இவ்வாறு மறைப்பவருக்காகச் சொல்லப்படும் நியாயங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. கோழி அவருடைய உடைமை; அதை எப்போது விற்பது என்பது அவர் உரிமை. அவர் ஏழை, பத்துக் கோழி என்பது அவருக்கு ஒரு மாதச் சேமிப்பாக இருக்கலாம். கழிச்சலில் செத்த கோழிக்கு யாரும் இழப்பீடு தருவதில்லை. ஊரில் மற்றவரும் இப்படித்தான் விற்கின்றனர். அவர் ஒருவர் மட்டும் உண்மை பேசினால் நோய் நிற்கப்போவதில்லை, அவர் வீட்டுக் கோழிக்கும் முட்டைக்கும் கெட்ட பெயர் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். இந்நியாயங்களில் உண்மை உண்டு. ஆனால் அவை அனைத்தையும் கூட்டினாலும் ஒரு தடையைத் தாண்ட முடிவதில்லை: மறைத்து விற்ற கோழியால் நட்டப்படுபவர், இழப்பீடு தர மறுத்த அரசும் அல்லர், விலையைக் குறைத்துக் கேட்ட வியாபாரியும் அல்லர், அதே அளவு ஏழையான, எந்தத் தவறும் செய்யாத அடுத்த தெருக் குடும்பமே. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை, அதில் பங்கில்லாத ஒருவர் தலையில் இறக்கிவைப்பதற்கு வறுமை விளக்கமாகலாம், நியாயமாகாது.

எனினும் எல்லா மறைப்பும் ஒரே எடையுடையது அன்று. நோயென்று தெரிந்தே உயிர்க்கோழியை விற்பது ஏமாற்று. வாங்குபவரின் நம்பிக்கையைப் பயன்படுத்தி அவருக்கே கேடு செய்வதால் இதற்கு மன்னிப்பு அரிது. செத்த கோழியை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நோயால் செத்ததென்று தெரிந்த விலங்கின் உடலை நீர்நிலையில் போடுவதை, விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கென 2009இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க ஆகும் உழைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இராது. விற்காமல், வீசாமல், வெறுமனே வாய்மூடி இருப்பது இவற்றைவிடச் சிறிய தவறு; ஆயினும் தவறே. அச்சட்டம், தான் பட்டியலிட்ட நோய்கள் தம் விலங்குக்கு வந்திருப்பதாகக் கருதக் காரணம் உள்ள உரிமையாளர், அதை ஊர் அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கடமை இருக்கும். ஒரு நாள் முன்னதாகச் சொன்ன சொல் பக்கத்து வீட்டார் தம் கோழிகளைக் கூண்டிலேயே அடைத்துவைக்க உதவும், வேறு எதுவும் அந்த ஒரு நாளைத் திருப்பித் தராது.

தடுப்பூசியில் இந்தப் பொதுக்கடமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில், கோடைக்கு முன்பாக, இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர்தோறும் நடத்துகிறது; எட்டு வாரம் நிறைந்த கோழிகளுக்கு இறக்கையடியில் ஊசி போடப்படுகிறது; மருந்து ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. உறையவைத்து உலர்த்திய இம்மருந்து பனிக்கட்டியிலேயே ஊர் வந்து சேர வேண்டும். ஒரு குப்பி பல பத்துக் கோழிகளுக்கானது. நீர்மம் கலந்தபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எந்த ஒரு வீட்டிலும் அத்தனை கோழிகள் இல்லாததால், பத்துப் பன்னிரண்டு வீட்டார் விடியும் முன்பே, கோழிகளைத் திறந்துவிடாமல் கூண்டில் வைத்துக் காத்திருந்தால்தான் ஒரு குப்பி பயனாகிறது. வராதவர் தம் கோழிகளை மட்டும் ஆபத்தில் விடுவதாக எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவர் மற்றவர் போட்ட ஊசியின் பாதுகாப்பை இலவசமாக அனுபவித்துக்கொண்டே, கிருமி தங்க ஓர் இடத்தையும் ஊருக்குள் விட்டுவைக்கிறார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, இரையோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்து போன்றவை ஊசியின் சிரமத்தைக் குறைக்கக்கூடியவை. ஆனாலும் கூடிச் செயல்படும் தேவையை எந்த மருந்தும் நீக்கிவிடாது.

பறவைக் காய்ச்சலில் கேள்வி மேலும் கடினமாகிறது. அங்கே சமூகம் நோயுற்ற கோழியை மட்டுமின்றி நோயற்ற கோழியையும் கேட்கிறது. இந்தியாவில் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. தேசியச் செயல்திட்டத்தின்படி இப்போது நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகள் அழிக்கப்படுகின்றன. 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நீள்கிறது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் நோய் தென்பட்டபோது திருவள்ளூர் உள்ளிட்ட எல்லைப் பகுதிகளின் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்பு இறுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இந்நோயால் இறந்தது. மனித உயிர் பணயமாக இருக்கும்போது, நலமான கோழியையும் அழிக்கும் உரிமை பொதுநலத்துக்கு உண்டு என்பதை மறுப்பது கடினம்.

ஆனால் பொதுநலத்துக்காக எடுக்கப்படுவதற்குப் பொதுப்பணத்தில் ஈடு செய்வதே முறை. அழிக்கப்படும் பறவைக்கு ஒன்றிய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி ஏற்று இழப்பீடு தருகின்றன. அழிக்கும் குழு வந்து சேரும் முன்பே நோயில் செத்த பறவைக்கு அது கிடைப்பதில்லை. முதலில் இழந்தவர் முதலில் சொல்வதற்கு ஊக்கம் எதுவும் இல்லாத ஏற்பாடு இது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம், தெற்குத் தினாஜ்பூர் மாவட்டங்களில் தொடங்கிய நோய், பெரும்பாலும் புறக்கடைக் கோழிகளை நம்பியிருந்த ஊர்களில் பரவியபோது, குழுக்கள் வருவதற்குள் மக்கள் கோழிகளை ஒளித்ததும் வேற்றூருக்குக் கடத்தியதும் நாடறிந்த செய்தி. அம்மக்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஏசுவது எளிது. சொன்னால் இழப்பு உறுதி, ஈடு எப்போது வருமென்று தெரியாது என்ற நிலையில், மறைப்பதையே கணக்கறிந்த முடிவாக்கிய ஏற்பாட்டுக்கும் அந்தத் தவறில் பங்குண்டு.

குற்றத்தைச் சிறியவர் மேல் மட்டும் சுமத்தும் போக்கும் இவ்விடத்தில் சோதிக்கத்தக்கது. திறந்துவிட்ட நாட்டுக்கோழியே நோய்க்குக் காரணம் என்று பெரும்பண்ணைகள் சார்பில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் தாய்லாந்தில் 2004ஆம் ஆண்டின் பறவைக் காய்ச்சல் தரவுகளை ஆராய்ந்தவர்கள், புறக்கடை மந்தைகளைவிடப் பெரும் வணிகப் பண்ணைகளுக்கே தொற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டனர். தீவன லாரியும் முட்டை அட்டையும் எருவும் ஆட்களும் பண்ணைக்குப் பண்ணை செல்லும்போது கிருமியும் உடன் செல்கிறது. ஆகவே உயிரியல் பாதுகாப்பு, அதாவது கிருமி உள்ளே வராமலும் வெளியே போகாமலும் காக்கும் ஒழுங்கு, பத்துக் கோழிக்கு ஒரு விதியும் பத்தாயிரம் கோழிக்கு ஒரு சலுகையுமாக இருக்கக் கூடாது. கூடையைக் கழுவாத வியாபாரியும், கழிவைச் சாலையோரத்தில் கொட்டும் இறைச்சிக் கடைக்காரரும், சாவை வெளியே விடாத பண்ணைக்காரரும் புறக்கடைப் பெண்ணைவிடக் குறைந்த கடமை உடையவர்கள் அல்லர். கையில் வசதி கூடுதலாக இருப்பதால் அவர்கள் கடமையும் கூடுதலே.

இவற்றையெல்லாம் எடைபோட்டால் முடிவு இவ்வாறு அமைகிறது. நோயைச் சொல்லும் கடமை நிபந்தனையற்றது. ஈடு வரவில்லை என்பதால் அது தள்ளுபடியாவதில்லை. இழப்பைப் பகிரும் கடமையும் அதே அளவு உறுதியானது. அதை நிறைவேற்றாத சமூகம் மறைத்தவரைக் கண்டிக்கலாம், ஆனால் தன் பங்கையும் ஒப்புக்கொண்டே கண்டிக்க வேண்டும். பகிர்வதற்கான வழிகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாதச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, முதலில் நோயைச் சொன்ன வீட்டுக்குக் குஞ்சு வாங்கித் தரலாம். நிறுவனச் சட்டம், 2013இன்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்ட சிப்காட் ஆலைகள், விலங்கு நலமும் அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், மருந்தைக் குளிரில் காக்கும் பெட்டிக்கும் இத்தகைய நிதிக்கும் உதவலாம். ஜனவரி 26இல் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. தடுப்பூசி முகாம் அடுத்த சில நாள்களில் தொடங்குகிறது. எந்தத் தெருவில் எந்த விடியலில் ஊசி, செத்த கோழியை எங்கே புதைப்பது, முதலில் சொன்னவருக்கு ஊர் என்ன தரும் என்ற மூன்றையும் அந்தச் சபையிலேயே தீர்மானமாக எழுதிவிடுவது கும்மிடிப்பூண்டி வட்டத்தின் எந்த ஊராட்சிக்கும் இயலும். அதைச் செய்த ஊருக்கே நோயை மறைத்தவரைத் தட்டிக்கேட்கும் முழு உரிமை உண்டு.