பேரேடும் பாஸ்புக்கும்

1

ஒரு குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைச் சொல்லும் உரிமை யாருக்கு? ஆசிரியருக்கு என்பது பழைய பதில். மனோதத்துவ நிபுணருக்கு என்பது சற்றுப் புதியது. குழந்தைக்கே என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில். ஒப்புக்கொள்வது இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் இது கற்பிக்கும் முறை பற்றிய பிரச்னையோடு நின்றுவிடுவதில்லை. தன்னைத் தான் அறிவது என்றால் என்ன, அதில் இன்னொருவர் உதவ முடியுமா, உதவி எந்த இடத்தில் அபகரிப்பாகிவிடுகிறது என்று அது நீள்கிறது.

இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

ராசிபுரம் பக்கம் இருக்கும் என் அக்கா மகனிடம் எட்டு வயது வரை எழுத்து நிற்கவில்லை. ப, ம, ட மூன்றும் அவன் பார்வையில் ஒன்றன் இடத்தில் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டிருந்தன. ஆனால் வாயால் சொன்ன கதையை நாலு நாள் கழித்தும் வரிசை பிசகாமல் திருப்பிச் சொல்வான். மனிதர்களில் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மூன்று வகை உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம், "நீ காதால் படிக்கிறவன்டா" என்றேன். அவன் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியங்களெல்லாம் 'வரவில்லை' என்றே முடிந்திருந்தன. முதல்முறையாக அவன் ஏதோ ஒன்றாக இருந்தான்.

அடுத்த ஒரு வருஷம் அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. கட்டாயப்படுத்தியபோது நிதானமாகச் சொன்னான்: "அது எனக்கு வராது மாமா. நான் காதால படிக்கிறவன். நீங்கதானே சொன்னீங்க."

2

பிறகுதான் விசாரித்தேன். ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலாளர்கள் 2008இல் இந்த வகைப்பாடு பற்றிய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பரிசீலித்திருக்கிறார்கள். 'காதால் கற்பவ'னுக்குக் காது வழியாகவும் 'கண்ணால் கற்பவ'னுக்குக் கண் வழியாகவும் கற்பித்தால் நன்றாக வரும் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. மனிதர்களுக்கு விருப்பங்கள் உண்டு, திறன்களில் வேறுபாடு உண்டு. ஆனால் விருப்பத்தைப் பிறவிக் குணமாக்கி, அதற்கேற்பப் பாடத்தை வார்த்தால் அறிவு பெருகும் என்பது நிரூபணமாகவில்லை.

ஆராய்ச்சி என் தவறின் பாதியைத்தான் சொல்கிறது. வகைப்பாடு சரியாகவே இருந்திருந்தாலும் நான் செய்தது தவறு. அவன் தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கிடைத்துவிட்டதாக அறிவித்து, தேடலையே முடித்து வைத்துவிட்டேன். நம் ஊரில் பெயர் சூட்டுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஒருவன் என்னவாகப் பிறந்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், அவனால் என்ன முடியும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக நினைக்கும் சமூகம் இது. நான் அவனுக்கு இன்னொரு பிறப்பைக் கொடுத்திருந்தேன்.

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் 7 நிலைகளை மட்டுமே அங்கீகரித்தது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டம் 21ஐச் சொல்கிறது. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் அதில் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாத குழந்தைக்குச் சட்டத்தின் முன் இருப்பே இல்லை. ஆகவே சான்றிதழ் அவசியம். ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதற்கான காகிதம். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் கட்டுப்படுத்தும் காகிதமாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றுக்கும் எங்கள் பகுதி பிரசித்தம். நாமக்கல்லைச் சுற்றி வளர்ந்த விடுதிப் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே அழைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டையே நடத்தும் பழக்கம் பரவி, அதைத் தடுப்பதற்காகவே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே வழி. நான் செய்ததோ ஆளுக்கொரு வழி. இவை எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: வழியைத் தீர்மானித்த இடத்தில் குழந்தை இல்லை.

3

அப்படியானால் குழந்தையையே கேட்டுவிடலாமா? இங்கேதான் சுலபமான பதில் உடைகிறது. ஜான் ஃப்ளாவெலும் அவர் சகாக்களும் 1970இல் செய்த சோதனை ஒன்றில், எத்தனை படங்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று குழந்தைகளை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். சிறு குழந்தைகள் தங்களால் முடிந்ததைவிட அதிகமாகவே சொன்னார்கள். பெரியவர்கள் இதில் மேலானவர்கள் என்று சொல்வதற்கில்லை. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த கல்லூரி மாணவர்கள் அது நன்றாக நினைவில் நிற்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நின்றிருந்தது. எது சுலபமாக இருக்கிறதோ அதுவே நம் வழி என்று நமக்குத் தோன்றுகிறது. சுகத்தை அறிவாக எடுத்துக்கொள்கிறோம்.

எனவே ஆசிரியரின் தீர்ப்பும் போதாது, குழந்தையின் வாக்குமூலமும் போதாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது விஷயம் வேண்டும்: செய்து பார்த்ததன் பதிவு. அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் நியாயம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

1800இல் தெற்கு பிரான்ஸின் அவேரோனில் பிடிபட்ட, பேச்சறியாத சிறுவனை ழான் இதார் என்ற இளம் மருத்துவர் பாரீஸில் ஏற்றுக் கற்பித்தார். விக்டர் என்று பெயரிட்டார். பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை அவன் சொன்னால் பால் தருவது என்பது ஏற்பாடு. விக்டர் அந்தச் சொல்லைச் சொல்லவும் செய்தான். ஆனால் பால் கைக்கு வந்த பிறகு, சந்தோஷத்தில். கேட்பதற்கு அந்தச் சொல் அவனுக்குப் பயன்படவில்லை. இதாருக்கு இது ஏமாற்றம். 1801இல் அவர் எழுதிய அறிக்கையில் இது இருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. அதே சொல்லின் நான்கு எழுத்துகளைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து அவனுக்குப் பழக்கியிருந்தார். சில நாள் கழித்து, வழக்கமாகப் பால் கிடைக்கும் வீட்டுக்குப் புறப்பட்டபோது, யாரும் சொல்லாமலே விக்டர் அந்த நான்கு துண்டுகளையும் எடுத்துப்போய், அந்த வீட்டு மேஜையில் சொல்லாக அடுக்கி வைத்தான்.

இதார் தேர்வை வாயில் வைத்திருந்தார். பையன் கையால் பதில் எழுதினான். பேச்சு விஷயத்தில் தோற்றதாக இதார் பிறகு ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது, தன் திட்டத்துக்கு ஒத்து வராததையும் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான். அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து செகான் வந்தார். இருவரையும் படித்துவிட்டு, ரோமில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலையைத் தொடங்கிய மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கே வந்தார். இன்று நகரத்துக் குழந்தைகள் விரலால் தடவிப் படிக்கும் சொரசொரப்பான எழுத்துகளுக்குப் பின்னால், உதவாதவர்கள் என்று தள்ளப்பட்டவர்களின் கைகள் இருக்கின்றன.

4

நான் வங்கி குமாஸ்தா. எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்லித்தான் யோசிக்க முடியும். வாடிக்கையாளரின் கணக்கு எங்கள் பேரேட்டில் இருக்கிறது, இப்போது கணினியில். கூட்டல் கழித்தல் எல்லாம் நாங்கள்தான். ஆனால் பணம் எங்களுடையதல்ல. பாஸ்புக் என்ற சின்னப் புத்தகம் இருப்பது அதனால்தான். வரவு ஒன்றும் இல்லாத மாதத்திலும் பஸ் பிடித்து வந்து பதிவு போட்டுக் கேட்கும் கிழவிகளை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் எரிச்சல் வரும். தன் கணக்கைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் அந்தக் கிழவி கேட்பது நியாயம் என்று இப்போது படுகிறது.

சிறப்புக் கல்வியில் பேரேடு இருக்கிறது. குழந்தைக்கென்று தனிக் கோப்பு, தனித் திட்டம், மாதாந்தர மதிப்பீடு. நான் பார்த்த சிலவற்றில் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவை குழந்தையைப் பற்றிப் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பீரோவில் இருந்தன. பாஸ்புக் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு அருகில் வந்த ஒரு முயற்சி உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல். ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துக் குழந்தையே தன் அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும். ஆனால் ஏணி ஒன்றுதான். வேகம் குழந்தையுடையது, வழி மற்றவர் போட்டது. பிறகு அந்த முறையும் மாறி, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

அக்கா மகனுக்கு வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒரு நாள் வந்துகொண்டிருந்தார். என்னைப் போல அவர் எதையும் அறிவிக்கவில்லை. ஒரே மாதிரிக் கணக்கை நாலு விதமாகக் கொடுத்தார்: வாயால் சொல்லி, பலகையில் எழுதி, புளியங்கொட்டை வைத்து, படம் போட்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு சரி என்றால் பச்சைப் புள்ளி, தப்பு என்றால் சிவப்புப் புள்ளி, அவனே அவன் நோட்டில் வைக்க வேண்டும். நோட்டு அவன் பையில்தான் இருக்கும். அடுத்த வாரம் மறுபடியும். 'உனக்கு எது பிடிக்கிறது?' என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 'போன வாரம் எதுல பச்சை அதிகம், பாரு' என்பார்.

இரண்டு மாதம் போயிருக்கும். நாலு வழியில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் அப்பா கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். முட்டை அட்டை. வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை, முப்பது குழி. 27 என்பது அவனுக்கு நாலு வரிசை நிறைந்து அடுத்ததில் மூன்று. அப்போதே மூன்று குழி காலி என்பதும் தெரிந்துவிடுகிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே பார்வையில். எந்தப் பயிற்சிக் கையேட்டில் முட்டை அட்டை இருந்திருந்தாலும் இவ்வளவு பயன் இருந்திருக்குமா என்று சந்தேகம். அவன் மற்ற நாலையும் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததும், அந்த மறுப்பை அந்த அம்மாள் பிடிவாதம் என்று எழுதாமல் தகவலாக எடுத்துக்கொண்டதும்தான் அட்டையை உள்ளே வரவிட்டன. சில மாதத்தில் அட்டையையும் விட்டுவிட்டான். "கண்ண மூடினாத் தெரியுது" என்றான். தன் வழி என்பது புதைந்து கிடந்து எடுக்கப்பட்ட பொருள் போல இல்லை. போட்டு, நடந்து, தாண்டிப் போவதாக இருக்கிறது.

நம்மிடையே இது புதிய விஷயமாக இருக்கக்கூடாது. புதுக்கவிதை வந்தபோது 'புரியவில்லை' என்றார்கள். நாம் என்ன சொன்னோம்? வேறு விதமாகப் படித்துப் பாருங்கள் என்றோம். புரியாமைக்குக் காரணம் வாசகனின் பிறவிக் குறை என்று சொல்லவில்லை. அவனுக்குப் பழக்கமான ஒரே வாசிப்பு முறை என்றோம். ஒரு சின்ன வட்டத்துக்குள் நமக்காக நாம் கேட்டு வாங்கிய அந்த அவகாசத்தை, 'ப'வும் 'ம'வும் புரியாத ஒரு பையனுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. விமர்சகன் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது. வாசகனிடம் அவன் எப்படிப்பட்ட வாசகன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்றும் யோசிக்கிறேன்.

எழுத்து அவனுக்கு இன்றும் சிரமம்தான். வரிக்குக் கீழே விரல் வைத்து, வாய்விட்டுச் சொல்லி, மெதுவாகப் படிக்கிறான். கண், காது, கை மூன்றும் வேலை செய்கின்றன.

போன பொங்கலுக்குப் போனபோது நோட்டைக் காட்டினான். செய்து பார்த்த ஒவ்வொரு வழிக்கும் ஒரு படம் போட்டிருந்தான். புளியங்கொட்டை, பலகை, முட்டை அட்டை. இரண்டாம் பக்கத்தில் ஒரு காது. அதன் பக்கத்தில் ஏழு சிவப்புப் புள்ளி, இரண்டு பச்சை. "இது நீங்க சொன்னது மாமா" என்றான். குற்றம் சொல்லும் தொனி இல்லை. கணக்கைக் காட்டுகிற தொனி. நான் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.