மறந்து போனால் சரியாகிவிடுமா?

கதை எழுதுகிறவனுக்குச் சில உத்தியோகங்கள் கேளாமலே வந்து சேர்கின்றன. பள்ளிக்கூட விழாவில் பரிசு கொடுப்பது, யாரோ எழுதிய நாவலுக்கு முன்னுரை எழுதுவது, கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து நான்கு வார்த்தை பேசுவது ஆகியவை எனக்குப் பழகிப்போனவை. சென்ற ஆண்டு புதிதாக ஒன்று கிடைத்தது. இன்ஸ்பெக்டர் உத்தியோகம்.

என் அத்தைக்கு 82 வயது. கும்பகோணத்தில் ஒரு பெரிய குடும்பத்தை ஆட்டி வைத்தவர். மொட்டை மாடியில் காய்கிற வடகம் எத்தனை, வண்ணானுக்குப் போட்ட வேட்டி எத்தனை என்கிற கணக்கெல்லாம் காகிதம் இல்லாமல் அவர் மனத்தில் இருக்கும். நாலைந்து ஆண்டுகளாக அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். நாம் மறதி நோய் என்கிறோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். எண்பத்தெட்டு லட்சம் என்றால் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. என்னை, செத்துப்போன என் தகப்பனார் என்று நினைத்துக்கொண்டு, “ஆத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்கு, பார்த்துக் குளிடா தம்பி” என்று எச்சரிக்கிற ஒரே ஓர் அத்தை என்றால் பதிகிறது.

எட்டு மாதம் அத்தை என் வீட்டில் இருந்தார். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். மறதி நோய்க்காரர்களை வைத்துப் பராமரிக்கிற இல்லம் ஒன்றில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மெல்போர்னில் இருக்கும் அத்தை மகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளே, நான் இங்கேயிருந்து படமெல்லாம் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஒரு நடை நேர்ல போய்ப் பார்த்துச் சொல்லு. கதை எழுதுற கண்ணு, உனக்குத் தெரியாததா?”

தன் கண்ணைப் பற்றிப் பெருமை வைத்திருக்கிறவனை ஏமாற்றுவது சுலபம். சென்னைக்கு வெளியே நான் பார்த்த முதல் இல்லத்தில், அரை மணி நேரம் வரையில் நான் சந்தோஷமாக ஏமாந்துகொண்டிருந்தேன். தரை பளபளவென்றிருந்தது. சுவர் ஓரமெல்லாம் பிடித்து நடக்கக் கம்பி. மூலைக்கு மூலை காமிரா. நான் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். ‘கழிவறை சுத்தம்’, ‘சமையலறை சுத்தம்’, ‘மருந்துகள் பூட்டிய அலமாரியில்’ என்று எழுதிக்கொண்டே நடந்தேன். மானேஜர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு வைத்திருப்பதாகச் சொல்லி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். 6.30க்குப் பல் துலக்கியது, 7.15க்குக் குளித்தது, 8.00க்கு இட்லி இரண்டு, 4.00க்குத் தோட்டத்தில் உலாவியது, எல்லாவற்றுக்கும் நேராக ஒரு சரிக்குறி.

அப்போது மணி காலை பதினொன்றே கால்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். “பொண்ணு அவசரத்துல டிக் போட்டிருக்கும் சார்” என்றார்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாளே எங்களுக்கு ஒத்திகை நடக்கும். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைக்காரனை மட்டும் எழுப்புவார். ஆனாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. வந்தவர் திடீரென்று ஒரு பையனை வெளியே அழைத்து, “வாத்தியார் அடிப்பாரா?” என்று கேட்டுவிடலாம். பையன் உளறிவிடுவான். இங்கே யாரை அழைத்துக் கேட்பது?

கேட்டுப் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில் வெள்ளை வெளேரென்ற தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். குனிந்து, “இங்கே உங்களை நல்லா பார்த்துக்கிறாங்களாம்மா?” என்றேன்.

“என் வீட்டுல என்னை நல்லா பார்த்துக்காம வேற எங்க பார்த்துப்பாங்க? உட்காருங்க. காபி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று சொல்லி, காபி கலக்க எழுந்தார். எழ முடியவில்லை. புடவைத் தலைப்புக்குக் கீழே ஒரு துண்டு இடுப்பைச் சுற்றி நாற்காலியின் பின்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது. மறுபடி எழ முயன்றார். பிறகு என்னைப் பார்த்து, வீட்டுக்காரி விருந்தாளிக்குச் சொல்கிற குரலில், “கொஞ்சம் இருங்க, கால் மரத்துப் போச்சு” என்றார்.

கட்டிப்போட்டிருப்பதற்கு அவரே ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

“விழுந்துடுவாங்க சார். பதினாறு பேருக்கு ரெண்டு ஆயாதான்” என்றார் மானேஜர். அது பொய்யல்ல, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் அதுவே யமன். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மன நோய் என்பதற்கு அது கொடுக்கும் விளக்கத்தில் ஞாபகத்தின் கோளாறும் சேர்ந்திருக்கிறது. நோயாளியைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி 97-ஆம் பிரிவு பேசுகிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்கிற காரணத்துக்காகவும் கட்டக் கூடாது. சட்டம் எழுதினவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இல்லம் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருமா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். அந்தத் துண்டுக்கு அது தெரியப்போவதில்லை.

என்னை உலுக்கிய விஷயம் அதுவுமல்ல. கூடத்தின் மறு கோடியில் ஒரு பெரியவருக்கு ஆயா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாயை விழுங்குவதற்குள் இரண்டாவது கரண்டி வந்துவிட்டது. அவர் கையால் தடுத்தார். கஞ்சி அவள் புடவையில் சிந்தியது. “சனியனே” என்று சொல்லி அவர் கையைப் படாரென்று கீழே தள்ளினாள். நான் மானேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. ஆனால் சமாதானமாக ஒரு வாக்கியம் சொன்னார்: “அவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல மறந்துடும் சார்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, இரண்டு மணி. அத்தை வாசல் கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். கும்பகோணம் வண்டிக்கு நேரமாகிவிட்டதாம். அந்த வாரத்தில் அது நான்காவது ராத்திரி. மறுநாள் ஒரு தொடர்கதை அத்தியாயம் கொடுத்தாக வேண்டும். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். அவர் திமிறினார். நான் கையை ஓங்கினேன். அடித்தேனா என்று கேட்டால், இல்லை. ஓங்கினேன். தாயில்லாத என்னைப் பத்து வயது வரையில் வளர்த்தவர், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் கழித்து, படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, “சாப்பிட்டியாடா தம்பி?” என்று கேட்டார்.

எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது. மறந்துவிட்டார். கணக்கு முடிந்தது. அன்று நான் செய்த காரியத்தைவிட அந்த ‘அப்பாடா’வைத்தான் பிற்பாடு நான் அதிகமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். கை ஓங்கியது தூக்கமில்லாத மனிதனின் மிருகம். ‘அப்பாடா’ என்றது யார்?

மறந்து போன வலி நடக்காத வலிதான் என்று அந்த நிமிஷம் நான் நம்பினேன். சாதாரண வாழ்க்கையில் அதற்கு ஓர் ஆதாரமும் இருக்கிறது. ‘காலம் ஆற்றும்’ என்கிறோமே, ஆற்றுவது மறதிதானே? மறதியே நோயாக வந்துவிட்டவருக்கு எல்லாப் புண்ணும் உடனுக்குடன் ஆறிவிட வேண்டியதுதான். தர்க்கம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் உண்மை அப்படி இல்லை. ஜெனீவாவில் கிளாப்பரேட் என்ற மருத்துவர் 1911-இல் எழுதி வைத்த ஒரு சம்பவம் உண்டு. அவரிடம் இருந்த ஒரு பெண்மணிக்குப் புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்காது. தினம் பார்க்கிற டாக்டரையே தினமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார். ஒரு நாள் கிளாப்பரேட் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரோடு கை குலுக்கினார். சீக்கிரமே அந்த அம்மாள் குத்தியதை மறந்துவிட்டார். ஆனால் அடுத்த தடவை டாக்டர் கை நீட்டியபோது தம் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் தெரியவில்லை. (விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு நோயாளியை ஊசியால் குத்தியதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பது வேறு கேள்வி.)

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கிட்டத்தில் வந்து குத்துகிறது. அல்ஸைமர் நோய் உள்ள 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு சந்தோஷமானவற்றைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் படம் மறந்துவிட்டது. ஆனால் துக்கம் அரை மணி நேரம் வரையில் போகவில்லை. யாருக்குப் படம் அதிகமாக மறந்ததோ, அவருக்குத் துக்கம் அதிக நேரம் நின்றது.

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞாபகம் இருக்கிறவன், “பாவம், தூக்கமில்லாமல் கத்திவிட்டான்; காலையில் காபியோடு வந்து நிற்பான்” என்று ஒரு காரணம் கட்டி, அந்த வலியைக் கட்டிப் போட்டுவிடுகிறான். ஞாபகம் போனவருக்குக் காரணம் போய்விடுகிறது. நெஞ்சை அடைக்கிற பாரம் மட்டும் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல். மன்னிப்புக் கேட்கலாமென்றால், எதற்காகக் கேட்கிறாய் என்பார். கடன் கொடுத்தவர் பத்திரத்தைத் தொலைத்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்திரம் தொலைந்ததனால் கடன் தீரவில்லை, தீர்க்கிற வழிதான் அடைபட்டது.

ஒரு டாக்டர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “நீங்கள் ஒரு ராத்திரிக்கே இப்படிப் பேசுகிறீர்கள். அந்த ஆயா பன்னிரண்டு மணி நேரம் எட்டுப் பேரைக் கழுவி, துடைத்து, ஊட்டுகிறாள். மாமன் மகனா, மருமகளா அவள்?” என்றார். வாஸ்தவம். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவளுக்குப் பக்கத்தில் நானும், எட்டுப் பேருக்கு ஓர் ஆள் போதும் என்று கணக்குப் போட்டவரும் நிற்க வேண்டும். ஆனால் கூண்டில் யார் நின்றாலும், அந்தப் பெரியவரின் கை தள்ளப்பட்டது தள்ளப்பட்டதுதான்.

அப்படியானால் இந்த மாதிரி இடத்தை எப்படித்தான் பார்வையிடுவது? இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் இதே கேள்வியில் பல ஆண்டுகள் மெனக்கெட்டிருக்கிறார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்த முறை மிக எளியது: பேசாமல் உட்கார். பொதுக் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இந்த மனிதர் என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அந்த நாட்டு அரசாங்கத்தின் பார்வையாளர்களும், வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் இருக்கும் இல்லங்களில் இதைச் சுருக்கின ஒரு முறையைக் கையாளுகிறார்கள். 1997-இல் வந்த தம் நூலில் கிட்வுட் நோயாளிகளைச் சிறுமைப்படுத்தும் பழக்கங்கள் பதினேழைப் பட்டியல் போட்டார். அடிப்பதும் திட்டுவதும் மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர்களால் ஈடு கொடுக்க முடியாத வேகத்தில் காரியம் செய்வதும் அதில் ஒன்று. இரண்டாவது கரண்டி!

இரண்டாவது இல்லத்துக்கு நான் நோட்டுப் புத்தகம் கொண்டு போகவில்லை. சொல்லிக்கொண்டும் போகவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் ஏழு மணி வரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. குளியலறைப் பக்கம் லேசான வாடை. பதிவேடு இரண்டு நாளாக எழுதப்படவில்லை. அத்தானுக்குப் படம் அனுப்பினால் வேண்டாம் என்றிருப்பார். ஒடிசாப் பெண் ஒருத்தி, அரைகுறைத் தமிழில், “தாத்தா, ஆ... தாத்தா, ஆ...” என்று சொல்லிக்கொண்டு ஒருவருக்கு ரசம் சாதம் ஊட்டினாள். அவர் விழுங்குகிற வரையில் கரண்டி தட்டிலேயே இருந்தது. ஒரு தட்டுக்கு நாற்பது நிமிஷம். நடுவில் அவளுக்கும் அலுத்துவிட்டது. கொட்டாவி விட்டாள், கைப்பேசியைப் பார்த்தாள். தெய்வப் பிறவி ஒன்றுமில்லை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். ஆள் இருக்கும்போது முகம் எதை வேண்டுமானாலும் நடிக்கலாம். போன பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் முகத்தில் என்ன தங்கியிருக்கிறது? சாப்பிட்டது அவருக்கு மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், இன்னும் இலை போடவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அத்தையை அங்கே சேர்த்தோம். சுண்ணாம்பு விஷயத்தையும் வாடையையும் அத்தானுக்கு எழுதினேன். ராத்திரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு, ஒருத்தி என்று தெரிந்து, இன்னொருத்தியை வைக்கச் சொல்லி ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து சச்சரவு செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். அத்தை நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள், நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். சட்டென்று தோள் குறுகிற்று. இரண்டு கைகளும் தலைக்குப் போயின. அயோவாக்காரர்கள் அரை மணி நேரம் வரையில்தான் அளந்து பார்த்தார்கள். இது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் திடீர் அசைவு ஆகாது.

ஒடிசாப் பெண் ஓடி வந்து அத்தையின் தோளைத் தடவிக் கொடுத்தாள். “புது ஆளு வந்தா இப்டித்தான் சார்” என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

வெளியே வரும்போது பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். பெயர், வந்த நேரம், போன நேரம், உறவு. உறவு என்ற இடத்தில் ‘தம்பி மகன்’ என்று எழுதினேன்.