சங்கிலிக்கு இரண்டு முனை

போன வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒரு சமய முகாமுக்கு உதவியாளராகப் போயிருந்தேன். இரண்டாம் நாள் இரவு ஓர் அண்ணன் மகாபாரதத்தின் பதினேழாவது பர்வத்தைக் கதையாகச் சொன்னார். உங்களுக்கும் தெரிந்த கதைதான். தருமர் எல்லாவற்றையும் துறந்து வடக்கே நடக்கிறார். வழியில் திரௌபதியும் தம்பிகள் நால்வரும் ஒவ்வொருவராக விழுந்து இறக்கிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்தே பின்னால் வந்த ஒரு நாய் மட்டும் கூட இருக்கிறது. இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அப்படியென்றால் நானும் வரவில்லை என்கிறார் தருமர். கடைசியில் அந்த நாய்தான் தர்மதேவதை என்று தெரிகிறது.

கதை முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "உங்கள்ல யாரு நாயை விட்டுட்டுத் தேர்ல ஏறுவீங்க?" ஒரு கைகூட உயரவில்லை. "சரி, யாரு ஏற மாட்டீங்க?" அத்தனை கையும் உயர்ந்தது. என் கை மட்டும் மடியிலேயே இருந்தது. ஏனென்றால் நான் ஏறியவன். தேரில் இல்லை, பொம்பா படகில்.

எங்கள் வீடு யோங் பெங் பக்கம், பத்து பகாட் மாவட்டம். மாடியில்லாத வரிசை வீடு. வாசலில் அம்மாவின் தோட்டம்: தொட்டிகளில் துளசி, கறிவேப்பிலை, வெற்றிலைக்கொடி. கார் நிற்கும் இடத்துத் தூணில் ஜிம்மி. எந்த ஜாதி என்று சொல்ல முடியாத பழுப்பு நாய். பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். பாக்சிக், மாக்சிக், கூடவே ஆறு பூனைகள்.

ஜிம்மியைக் கட்டிப் போட்டதற்குக் காரணமே அவர்கள்தான். அவன் முடி பறந்து மாக்சிக்கின் துணிக்கொடியில் ஒட்டியது. ஒருநாள் அவர்கள் கேட்டைத் தாண்டியும் போய்விட்டான். பாக்சிக் வந்து மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. அன்று மாலையே அப்பா சங்கிலி வாங்கி வந்தார். அதில் எந்தத் தப்பும் இல்லை. அவர்கள் தொழுகைக்கு நாயின் ஈரம் படக்கூடாது என்பது அவர்கள் நெறி. அதை மதிப்பது அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர் கடமை.

ஜொகூர்காரர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தது. கோத்தா திங்கி இரண்டு முறையும் மூழ்கியது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எங்கள் தாமானுக்குப் பெரிய அடி விழுந்தது 2023 மார்ச் தொடக்கத்தில். வடகிழக்குப் பருவமழை முடியப்போகிற நேரத்தில் விடாமல் கொட்டியது. ஜொகூர் முழுக்க 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். எங்கள் மாவட்டம் தாழ்ந்த சமதரை. மேலே இருந்து வரும் தண்ணீர் வேகமாக வடியாது. மற்ற இடங்களில் தண்ணீர் இறங்கிய பிறகும் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் நின்றது.

அப்போது நான் ஆறாம் படிவத்தில் இருந்தேன். தண்ணீர் வருவதற்கு முந்தின நாட்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஐஸ்பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். பிறப்புப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். சாமிப் படங்கள் அலமாரி உச்சிக்குப் போயின. மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்தினோம். வடிகால் துறையின் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று மணிக்கொரு தடவை பார்த்துச் சொன்னவன் நான்தான். ஜிம்மியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

விடிகாலை படகு வந்தபோது வாசலில் தண்ணீர் முட்டிக்கு மேல். பாட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். அம்மா தங்கையின் கையைப் பிடித்திருந்தார். படகில் நாய்க்கு இடமில்லை, போகிற மையத்திலும் இல்லை. அப்பா திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "டேய், ஜிம்மியை அவுத்து விட்டுட்டு வாடா!"

நான் போனேன். அவனைத் தூக்கித் துணி துவைக்கும் கல்மேல் நிறுத்தினேன். சாப்பாடு கொட்டினேன். தலையைத் தடவினேன். சங்கிலியை அவிழ்க்கவில்லை.

படகில் ஏறியதும் அப்பா கேட்டார், "அவுத்துட்டியா?" "அவுத்துட்டேன்பா" என்றேன்.

அவிழ்த்துவிட்டால் எங்காவது அடித்துக்கொண்டு போய்விடுவான், கட்டியிருந்தால் திரும்பி வந்து பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நிஜக் காரணம் வேறு. அவிழ்த்துவிட்டால் அவன் படகுக்குப் பின்னால் நீந்தி வருவான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் போக வேண்டியிருக்கும்.

அன்று இரவு பள்ளி மண்டபத்தில் கூரைமேல் மழை அறைந்துகொண்டிருந்தது. கல்லின் உயரம் எவ்வளவு, தண்ணீர் மணிக்கு எவ்வளவு ஏறுகிறது, எத்தனை மணிக்குக் கழுத்துக்கு வரும் என்று மனம் கணக்குப் போட்டது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி. அன்று அதை நிறுத்தத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த அப்பாவை எழுப்பி உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

அடுத்த நாள் மாலை பாக்சிக் மண்டப வாசலுக்கு வந்தார். அப்பாவைக் கூப்பிடவில்லை, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பூனைகளுக்குத் தீனி போட மருமகனின் சம்பானில் வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் வாசலில் ஜிம்மி முன்னங்கால்களைச் சுவரில் வைத்து, வாயை மட்டும் மேலே தூக்கி நின்றிருக்கிறான். இவர் தண்ணீரில் இறங்கி, கழுத்துப் பட்டையைக் கழற்றி, அவனை இரண்டு கையாலும் அணைத்துச் சம்பானில் போட்டிருக்கிறார். மேட்டு ரோட்டோரம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். குடிக்கிற தண்ணீரையே அளந்து கொடுத்த நேரம் அது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "பூனைக்குத்தான் போனேன். கண்ணில் பட்டுவிட்டது. பட்ட பிறகு என்ன செய்வது?" என்றார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "கெசியான் டியா. தெரிகாட்" என்றார். பாவம், கட்டியிருந்தது. அவ்வளவுதான். யார் கட்டியது என்று கேட்கவில்லை. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

இதைத்தான் நான் இவ்வளவு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்களிடம் சொன்னால் இரண்டு பதில் வரும். "மனுஷனே தவிக்கும்போது நாய் என்னடா" என்பது ஒன்று. "தருமர் மாதிரி நீயும் இறங்கியிருக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தருமரிடம் இந்திரன் மடக்கிக் கேட்கிறான்: தம்பிகளையும் மனைவியையும் வழியில் விட்டு வந்த நீ, ஒரு நாயை விட மாட்டாயா? அவர்கள் உயிரோடு இருந்தவரை நான் விடவில்லை, இறந்தவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, என்னை நம்பி வந்த உயிரை விடமாட்டேன் என்கிறார் தருமர். கவனித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் பொறுப்பில் வேறு யாரும் இல்லை. அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய சொர்க்கத்தை. எங்கள் படகில் பாட்டி இருந்தார். பாட்டியின் உயிரை வைத்து நான் தருமராக முடியாது. அதனால் அப்பா படகில் ஏறியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பவனும் வரிசையில்தான் நிற்கிறான். சங்கிலியை அவிழ்க்க அரை நிமிடம் போதும். அதனால் பாட்டிக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது.

தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் தொட்டிகளில் துளசியும் கறிவேப்பிலையும் வேர் அழுகிக் கிடந்தன. காவாய் ஓரம் யாரும் நடாத கங்குங் மட்டும் தளதளவென்று படர்ந்திருந்தது. அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதன் வேர் எங்கு வேண்டுமானாலும் போகும். தொட்டியில் வைத்த செடி அப்படி இல்லை. அதன் வேருக்கு இவ்வளவுதான் இடம் என்று முடிவு செய்தது நாம். கட்டிப் போட்ட நாயும் அதுபோல்தான். அவனுக்கு நீந்தத் தெரியும். தப்பிக்கும் வழியை அடைத்தது மழை இல்லை, நாம் போட்ட சங்கிலி.

திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலில் வருகிறது. அருளுடைமை துறவறவியலின் முதல் அதிகாரம். தொடர்புடையவர்மேல் வைப்பது அன்பு, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் வைப்பது அருள் என்று உரையாசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். பாக்சிக்குக்கும் ஜிம்மிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சொல்லப்போனால் விலகி நிற்கத்தான் காரணம் இருந்தது. அவர் செய்தது அருள். அதையே நான் செய்திருந்தால் அதற்கு அருள் என்று பெயரில்லை. அது என் கடன். கட்டியவன் நான்.

பொறியியல் முதலாண்டில் ஒரு பாடம் நடத்தினார்கள். இழுத்துக் கட்டிய சங்கிலியில், அதன் எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், இழுவிசை இரண்டு முனையிலும் ஒன்றுதான். தேர்வுக்காகப் படித்தேன். எழுதி முடித்து வெளியே வந்த பிறகுதான் தூணும் ஜிம்மியின் கழுத்தும் ஞாபகத்துக்கு வந்தன.

அந்தக் கடனைப் படகு வந்த பிறகு அடைக்க முடியாது. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளியின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டின் 2015 விலங்கு நலச் சட்டமும் வளர்க்கிறவருக்குக் கடமை உண்டு என்கிறது. ஆனால் சட்டம் நம் வீட்டுச் சங்கிலியை வந்து அவிழ்க்காது.

அதனால் இந்தப் பருவமழைக்கு முன்னால், வீட்டில் நாய் இருக்கிறவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து பேசிவிடுங்கள். மேட்டில் இருக்கும் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் முன்கூட்டியே கொண்டு விடலாம்? எந்த மட்டம் வந்ததும் கிளம்புவது? எதுவும் முடியாமல் போனால் அவிழ்த்து விடுவது யார் வேலை? ஐஸ்பெட்டிக்குச் செங்கல் தேடுகிற அன்றைக்கே இதையும் பேசுங்கள்.

ஜிம்மி இன்னும் இருக்கிறான். வயதாகிவிட்டது, ஒரு காது கேட்பதில்லை. முடி பறக்காமல் இருக்க வேலியோரம் வலை அடித்து, சங்கிலி இல்லாமல் விட்டிருக்கிறோம். மழை பிடித்தால் மட்டும் துணி துவைக்கும் கல் பக்கம் போக மாட்டான்.

இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர் அப்பா. அப்பா, அன்றைக்கு நான் அவுக்கல.