நெடிய பாவும் குறுகிய நாளும்

நாளையும் இருப்போம், அடுத்த ஆண்டும் இருப்போம் என்று எண்ணி வாழும் மனநிலையை அரபியில் ‘தூலுல் அமல்’ என்பர். நெடிய ஆசை என்பது அதன் பொருள். மெய்ஞ்ஞானியர் இதனைக் கடிந்துரைத்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ எனும் பெருநூலின் நாற்பதாவது, இறுதிப் பகுதியை மரண நினைவுக்கே ஒதுக்கி, ஆசையைக் குறுக்கிக்கொள்வது பற்றி அதில் விரிவாக ஆராய்கின்றார்கள். அவ்வாறாயின், நாளையை நம்பாமல் செய்யவே இயலாத தொழிலில் இருப்போரின் நிலை யாது?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தைக் காண்பவர் உள்ளத்தில் இக்கேள்வி எழாமல் இராது. பட்டு நெசவாளர் வாழும் பகுதி அது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சியிட்டு உலர்த்துவர். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் உண்டு. ஒரு சேலைக்குப் பத்து நாளாகலாம். கோர்வைக் கரையும் நிறைந்த சரிகையும் என்றால் இன்னும் கூடும். கோர்வைக்குத் துணையாள் ஒருவரும் உடன் அமர வேண்டும். பாவு தீர்ந்தால், தறியில் எஞ்சிய பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில் பிணைக்கின்றனர். குழித்தறிக்காரர் கால்களைக் குழியினுள் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு அப்பால் முடியவிருக்கும் பாவைத் தொடங்குகிறார். இதுவும் நெடிய ஆசைதானோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தரையில் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும், அதன் இரு மருங்கிலும் சிறு கோடுகளையும் இட்டார்கள். சூழ்ந்து நிற்கும் சதுரம் தவணை. எல்லையைத் தாண்டி ஓடும் கோடு மனிதனின் ஆசை. சிறு கோடுகள் அவனைத் தீண்டும் இன்னல்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியில் உள்ளது. மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்தவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களே. ஆகவே வேலையைத் தொடங்குவது குற்றமன்று. கன்றின் நிழல் எவருக்கோ பயன்படும்; பாதியில் நின்ற சேலையை மகனோ அண்டை வீட்டாரோ அமர்ந்து முடிப்பர்.

பின் நெடிய ஆசை எவரிடம் உள்ளது? முடிந்த சேலையை வாங்கி வைத்துக்கொண்டு, “கூலியை அடுத்த வாரம் பார்ப்போம்” என்று கூறுபவரிடம் உள்ளது என்பதே நம் கருத்து. தாமும் இருப்போம், நெய்தவரும் இருப்பார் என்ற உறுதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நாம் தொழிலாளர் நலம் பற்றிய போதனையாகவே எடுத்துரைக்கிறோம். அது மவ்த்தைப் பற்றிய போதனையும் ஆகும். 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தியே. ஆனால் அது பெயரைக் காக்கும், கூலி சேரும் நாளைக் காக்காது.

நிக்காஹ் சேலையைக் கடனுக்கு எடுத்துவிட்டு, வலீமா முடிந்து பல மாதங்கள் கடத்துவோர் நம்மிலும் உளர். கடைக்காரர் தறிக்காரரிடம் தவணை சொல்வதற்கு அந்தப் பாக்கியும் ஒரு காரணம் ஆகிறது. (விருந்துக்கு மட்டும் ரொக்கம் எப்படியோ வந்துவிடுகிறது!) கைப்பேசியில் வபாத்துச் செய்தி வந்ததும் ‘இன்னா லில்லாஹி’ அனுப்புகிறோம், அடுத்த நொடியில் அதே திரையில் புதுச் சேலைப் படம் பார்க்கிறோம். அதில் பிழை காண நாம் விரும்பவில்லை. வாழ்வு அப்படித்தான் கலந்து ஓடுகிறது. இறந்தவருக்கு நாம் தரவேண்டியது ஏதும் உண்டா என்று அந்த இடைவெளியில் எவரும் கேட்பதில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களையே தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்தார்கள்.